அத்தை கழித்தது போக ஒரு பஸ்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே நான், உன் அத்தை, என் பஸ் மூவரும் சுகம். அங்கே நீயும் என் அக்காவும் அக்காவின் இடது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? வலது முழங்காலை நான் விசாரிக்கவில்லை. அது எப்போதும் நல்ல பிள்ளை.

ரோடு போடுகிறவர்கள் ஆஸ்பத்திரி வரை தோண்டிப் போட்டதில் எங்கள் டெலிபோன் கம்பியும் அறுந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. போனில் பேசினால் நீ நடுவில் சிரித்துவிடுகிறாய். கடிதத்தில்தான் ஒரு மனுஷன் நிம்மதியாகப் பேச முடிகிறது.

என் ரூட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி, தையல் ஆலை, பழைய சினிமாக் கொட்டகை, மேம்பாலம் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி வரை. ஆலை ஆஸ்பத்திரிப் பக்கம் மாறிப் போய்விட்டது, ஸ்டாப்பின் பெயர் மட்டும் மாறவில்லை. இந்த ஊரில் இதைவிட அழகான ரூட் கிடையாது. மாதம் எதுவானாலும் விடியற்காலையில் தொட்டிக்குக் கீழே பனி முட்டளவு நிற்கும். அதில் வண்டியை இறக்கினால் சக்கரம் தரையைத் தொடுகிறதா என்றே தெரியாது. மேம்பாலம் ஏறும்போது பயணிகள் அத்தனை பேரும் தூங்கிவிடுவார்கள். தலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும். அவர்கள் காணும் கனவு என் கண்ணாடியில் தெரியும், மருமகளே. ஆலைப் பெண்களின் கனவில் முடிவே இல்லாத ஒரு வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருக்கும். அது கசங்கக்கூடாது என்பதற்காகவே வளைவுகளில் நான் பூப்போலத் திருப்புவேன். போன வாரம் ஒரு பெரிய மனிதர் இறங்கும்போது என் தோளைத் தட்டி, "இது பஸ்ஸா, தொட்டிலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மற்றவை உன் பதில் கண்டு.

உன் மாமா

(அடியில், பென்சிலில்) பாதியைக் கழித்துக்கொள். பெரிய மனிதர் யாரும் வரவில்லை. ஒருவர் தூங்கிப்போய் ஸ்டாப்பைத் தவறவிட்டார், திட்டிக்கொண்டே இறங்கினார். எனக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றுமில்லை. அத்தை.


பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு, அத்தைக்கு என் வணக்கம்.

நாங்கள் நலம். இடது முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் அழுகிறது. அத்தையின் இருமல் நின்றதா?

உங்கள் கடிதம் வந்தால் அம்மா முதலில் அடியைத்தான் பார்க்கிறாள். "என்ன போட்டிருக்கா? பாதியா, முக்காலா?" நான் எழுத்துக் கூட்டிப் படித்த வயதிலிருந்து இந்த வீட்டில் அதுதான் வழக்கம். அத்தை கழித்தது போக மிச்சம் எதுவோ அதுதான் மாமா வீட்டுச் செய்தி.

இப்போது ஒரு வேடிக்கை. உங்கள் ஊரின் பஸ் பாதைகளையும் நடைபாதைகளையும் திருத்தி வரையும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. என் மேசையில்தான் இருக்கிறது. ஒரு ஊர் எப்படிப் போய் வருகிறது என்பதில்தான் அந்த ஊரின் நெஞ்சும் நுரையீரலும் இருக்கின்றன, மாமா. தினமும் கொஞ்சம் நடக்கிறவருக்கு ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் தள்ளிப்போகின்றன. வாசலில் ஏறி வாசலில் இறங்குகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதையெல்லாம் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பது தனிக்கதை.

ஒரு சந்தேகம். ஆள் எண்ணப் போனவர்கள் உங்கள் பஸ்ஸில் கூட்டமே இல்லை என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏன் அப்படி? அந்தப் பக்கத்து மக்கள் நடந்து போகிறார்களா? அப்படியானால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் யாரும் இருக்க முடியாது. எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 14

அன்புள்ள மருமகளுக்கு,

எல்லோரும் சௌக்கியம். என் அக்காவை மாடிப்படியோடு சண்டை போட வேண்டாம் என்று சொல்.

இதை ஒரு நீள மர பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே பச்சைச் சுவர். எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போகிறது. எழுத நல்ல இடம்.

நடக்கிறார்களா என்று கேட்டாயே. நடையா அது. காலையில் தொட்டி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கிறேன், யாரும் ஏறுவதில்லை. "நீங்க முன்னாடி போங்கண்ணே, நாங்க காத்து வாங்கிட்டு வர்றோம்" என்கிறார்கள். நான் காலி வண்டியை அவர்கள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போகிறேன். கன்றுகள் முன்னால் ஓட, மாடு பின்னால் அசைந்து போகிற மாதிரி. சிலர் ஒரு ஸ்டாப் கழித்து ஏறுவார்கள். பலர் மேம்பாலம் வரை ஏறுவதே இல்லை. நெஞ்சுவலிக்காரத் தையல்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வலி நெஞ்சிலிருந்து வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து காலுக்கும் இறங்கி, ஒருநாள் செருப்போடு கழன்று விழுந்துவிட்டது. டாக்டர் அந்தச் செருப்பைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாராம். மூளைக்கு ரத்தம் உள்ளங்காலிலிருந்துதான் புறப்படுகிறது என்பது என் நெடுநாள் ஆராய்ச்சி. உன் அலுவலகத்தில் இதைச் சொன்னால் உன் பெயரில் போட்டுக்கொள்வார்கள், ஜாக்கிரதை.

எழுத இன்னும் நிறைய இருக்கிறது. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மாமா


ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். "அடியிலே ஒண்ணுமே இல்லையே. இவ ஒரு வார்த்தைகூடக் கழிக்கலையா?" என்று மலைத்துப்போனாள். எனக்கும் ஆச்சரியம்தான். செருப்பு விஷயத்தை நானே கழித்துவிட்டேன். மற்றதை அத்தையே விட்டுவிட்டபோது கழிக்க நான் யார்?

அதனால் முழுசாக எடுத்துக்கொண்டேன். எண்ணியவர்களின் தாளும் உங்கள் கடிதமும் ஒன்றையே சொல்கின்றன. அந்தப் பாதைக்கு பஸ் தேவையில்லை, மக்கள் ஏற்கெனவே நடக்கிறார்கள், மர நிழலோடு அகலமான நடைபாதை போட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமை அதிகாரியும் சரி என்றுவிட்டார். நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்களைப் போன்ற டிரைவருக்கு இதைவிடப் பெரிய ரூட் காத்திருக்கும்.

அத்தையை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள். இருமல் என்ன ஆயிற்று?

அன்புடன்,
மருமகள்


ஜூன் 11

அன்புள்ள மருமகளுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். பதவி உயர்வு வந்தால் மனுஷனுக்கு நேரம் ஏது. டிப்போவின் பெரிய வாசல் முழுவதையும் இப்போது என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். என் கை அசையாமல் ஒரு பஸ் வெளியே போக முடியாது. நாற்காலி, குடை, தண்ணீர்ப் பானை எல்லாம் எனக்கென்று தனியாக. பெரிய ரூட் ஓட்டுகிற பையன்கள் எல்லாம் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

நம் ரூட் கொஞ்சம் ஓய்வெடுக்கிறது. நடைபாதைக்குக் கல் வந்து இறங்கியிருக்கிறது. குவியல் குவியலாக, தூரத்திலிருந்து பார்த்தால் மலைத்தொடர் மாதிரி அழகாக இருக்கிறது. ஸ்டாப் பலகைகளை இன்னும் கழற்றவில்லை. நேற்று அந்தப் பக்கம் போனேன். பனியில் ஒவ்வொரு பலகையும் யாரையோ கை தட்டிக் கூப்பிட்டுவிட்டுப் பெயர் மறந்து நிற்கிற மாதிரி நின்றது.

உன் அத்தை மிக நலம். அக்காவை விசாரித்தாள்.

உன் மாமா

(அடியில், பென்சிலில்) உன் மாமா எழுதியது அத்தனையும் சத்தியம். அவர் தங்கமான மனிதர். அத்தை.


ஜூன் 27

மாமாவுக்கு,

நாங்கள் நலம். அந்தப் பென்சில் வரியைப் படித்ததும் அம்மா கடிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். "இது அவ எழுதினதில்ல. கல்யாணம் ஆன நாளிலேருந்து அவனைத் தங்கம்னு ஒருநாளும் சொன்னதில்ல. செத்தாலும் சொல்ல மாட்டா" என்றாள். சொன்ன பிறகு கடைசி வார்த்தையை நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பச்சைச் சுவர், தள்ளுவண்டி, மர பெஞ்சு. அதை எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள்?

அத்தை எங்கே, மாமா?


ஜூலை 19

மருமகளுக்கு,

இதில் பூவேலை எதுவும் செய்யவில்லை. அதனால் சின்னதாக இருக்கும்.

அத்தை வீட்டில் இருக்கிறாள். உயிருக்குப் பயமில்லை. அக்காவிடம் முதலில் அதைச் சொல்.

மார்ச்சில் ஒருநாள் அவளுக்கு மூச்சு விட முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் கெட்டிருக்கிறது என்றார்கள். ரோட்டுப் புகை, ரோட்டுத் தூசி, பல வருஷமாக. நீ கேட்ட கடிதத்தை அந்த வராந்தாவில் எழுதினேன். எழுதியதை உள்ளே போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முகமூடிக்குள் சிரித்தாள். அவள் சிரிக்கிறாளே என்று திரும்ப வெளியே வந்து, செருப்புக் கதையைச் சேர்த்தேன். மறுபடி சிரித்தாள். அவளுக்குப் பென்சில் பிடிக்க முடியவில்லை. அப்படியே தபாலில் போட்டுவிட்டேன். அது உன் கோப்பு வரை போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆள் எண்ண வந்த வாரம் ஆஸ்பத்திரிப் பக்கம் ரோடு தோண்டிக் கிடந்தது. பஸ் சினிமாக் கொட்டகையோடு திரும்பியது. அதனால்தான் ஆள் இல்லை. மற்ற நாளில் நிற்க இடம் இருக்காது.

பஸ் நின்ற பிறகு ஜனங்கள் நடக்கவில்லை. ஆலைப் பெண்கள் மோட்டார் சைக்கிளில் மூன்று மூன்று பேராகப் போகிறார்கள். வேன்கள் வந்துவிட்டன. புகை முன்னைவிட அதிகம். வாரம் இருமுறை அவள் ஆஸ்பத்திரிக்கு மூச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும். வேனில் ஏறினால் மூச்சு அடைக்கிறது. மெதுவாக நட என்கிறார் டாக்டர். அதனால் வேன்கள் எழுந்திருக்குமுன் இருவரும் நடந்து போகிறோம். பழைய ரூட்டிலேயே.

தங்கம் என்று எழுதியது நான்தான். அவளுக்கு இன்னும் தெரியாது.

மாமா


ஆகஸ்ட் 23

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையை அம்மா தினமும் விசாரிக்கிறாள். முழங்காலைப் பற்றிப் பேச்சையே காணோம்.

உங்கள் கடிதத்தைத் தலைமை அதிகாரியிடம் காட்டினேன். "சொந்தக்காரர் எழுதின லெட்டரை வச்சு ஒரு ஊருக்கு ரூட் போடுவியாம்மா?" என்று கேட்டார். உங்கள் ஊர்க் கோப்பை என் மேசையிலிருந்து எடுத்துவிட்டார். அது நியாயம்தான். பஸ்ஸையும் நடையையும் நான் இரண்டு எதிரிகளாக வரைந்துவிட்டேன். பஸ் இருந்தவரைக்கும்தான் அந்தப் பக்கத்தில் ஜனங்கள் ஸ்டாப்புக்காவது நடந்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். இன்னொரு முறை ஆள் எண்ணுவார்கள். ஒரே ஒரு காலை. நடக்கிறவர்கள் எத்தனை பேர், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று. பஸ் திரும்ப வருமா என்பது அந்த ஒரு காலையில் இருக்கிறது. எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். பஸ்ஸே வராத இடத்தில் யார் காத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மாமா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஆட்களைத் திரட்டாதீர்கள். ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். என்ன இருக்கிறதோ அதை மட்டும் அவர்கள் பார்க்கட்டும்.

அன்புடன்,
மருமகள்


செப்டம்பர் 28

அன்புள்ள மருமகளே,

நாங்கள் நலம். 'நாங்கள்' என்று எழுத எனக்கு மறுபடி உரிமை வந்துவிட்டது. உன் அத்தை எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள். தங்கம் விஷயம் தெரிந்துபோய் இரண்டு நாள் பேசவில்லை. அதுவும் அவள் உடம்புக்கு நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டேன்.

திரட்டாதே என்றாய். ஒரு காக்கையைக்கூடத் திரட்டவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் இரண்டு பேர்தான் நடந்துகொண்டிருந்தோம். மூச்சு வாங்கினால் உட்கார பெஞ்சு வேண்டுமே, அதனால் ஸ்டாப் ஸ்டாப்பாகவே போவோம். அப்படியே டிப்போவுக்குப் போக வேண்டியிருப்பதால் நான் காக்கிச் சட்டையில் முன்னால் நடப்பேன். ஒருநாள் தொட்டி ஸ்டாப்பில் ஆலைப் பெண் ஒருத்தி, "என்னண்ணே, வண்டி லேட்டா?" என்றாள்.

"டிராபிக்மா."

"இடம் இருக்கா?"

"உள்ளே போம்மா, பின்னாலே காலியாத்தான் இருக்கு."

சிரித்துக்கொண்டே உன் அத்தைக்குப் பின்னால் வந்து நடந்தாள். அடுத்த முறை தோழியைக் கூட்டிவந்தாள். மோட்டார் சைக்கிளில் மூன்றாவதாகத் தொங்கிக்கொண்டு போவதற்கு இது மேல் என்றாள். அப்புறம் யார் தெரியுமா? நெஞ்சுவலிக்காரத் தையல்காரர். மார்ச்சில் எழுதும்போது அப்படி ஒருவர் இல்லை. இப்போது இருக்கிறார். என் பழைய கண்டக்டர் வாராந்திர விடுமுறையிலும் விசிலோடு வந்து நிற்கிறார். கூட்டம் கூடக்கூட ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. இரண்டிரண்டு பேராக, நடுவில் வழி விட்டு. அவரவர் பழைய ஸீட் இருந்த இடத்தில்தான் அவரவர் நடக்கிறார்கள். வேகம் உன் அத்தையின் மூச்சு எவ்வளவோ அவ்வளவு.

போன வாரம் ஒருநாள் பனி கொட்டியது. முன்னால் போகிற எனக்குப் பின்னால் ஒருவரும் தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும், சூடேறிய எஞ்சின் மாதிரி சீராக வந்துகொண்டிருந்தது. பனி கொஞ்சம் விலகியபோது திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அரைத் தூக்கத்தில், தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், என் இடது கை தானாகக் கியரைத் தேடியது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள்கூட ஹாரன் அடிக்கவில்லை. ஒருவன் மரியாதைக்காக எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

கொட்டகை ஸ்டாப்பில் மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பெண் அட்டையும் தாளுமாக நின்றிருந்தாள். உன் அத்தை பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்லோரும் நின்றோம்.

"நீங்கள்லாம் நடந்து போறவங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லம்மா, பஸ்ஸுல போறோம்" என்றாள் உன் அத்தை.

"பஸ் எங்கே?"

உன் அத்தைக்கு உடனே பதில் சொல்ல மூச்சு இல்லை. கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னாள். "டிரைவர் நிக்கிறார் பாரு. ஸ்டாப் இருக்கு, நாங்க இருக்கோம். வண்டி மட்டும்தான் இன்னும் வரலை."

அந்தப் பெண் தாளைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். "நடக்கிறவங்கன்னு போடவா, காத்திருக்கிறவங்கன்னு போடவா?"

"ரெண்டுலயும் போடுங்க மேடம். ரெண்டும்தான்" என்றார் கண்டக்டர்.

அவள் வெகுநேரம் எழுதினாள். உன் அத்தை எழுந்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். கிளம்பினோம்.

உன் மாமா

(அடியில், பென்சிலில்) கால் பங்கு கழித்துக்கொள். வண்டியைத் தள்ளியவன் பெட்ரோல் தீர்ந்துபோய்த் தள்ளினான். ஒன்றைச் சேர்த்துக்கொள். மேம்பாலத்தில் பெஞ்சு இல்லை, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பேரும் வேலைக்கு நேரமாகியும் நின்றார்கள். அதை ஏனோ உன் மாமா எழுதவில்லை. அன்றைக்கு எண்ண வருவது யாருக்கும் தெரியாது என்பது நிஜம். உன் அம்மாவை அழ வேண்டாம் என்று சொல். அத்தை.


டிசம்பர் 5

அன்புள்ள மருமகளுக்கு,

நாங்கள் சுகம். என் அக்காவின் இரண்டு முழங்கால்களையும் விசாரித்ததாகச் சொல். இன்றைக்கு எனக்கு யாரிடமும் பாரபட்சம் இல்லை.

உத்தரவு வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். பஸ்ஸும் உண்டு, நடைபாதையும் உண்டாம். மேம்பாலத்தில் உட்கார இடம் கட்டித் தருவதாக அந்த மஞ்சள் கோட்டுப் பெண் தனியாக எழுதிச் சேர்த்திருக்கிறாளாம். கல்மலை கரைந்து நடைபாதை பாதி தூரம் வந்துவிட்டது. டிப்போ வாசலை வேறொருவரிடம் ஒப்படைத்தேன். குடையை மட்டும் என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இன்று காலை முதல் வண்டி. ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. தொட்டிக்குக் கீழே பனி அப்படியே முட்டளவு நின்றது. அதில் மெதுவாக இறக்கி, ஸ்டாப்பில் நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

யாரும் ஏறவில்லை.

எல்லோரும் நிற்கிறார்கள். ஆலைப் பெண்கள், தையல்காரர், கைப்பையோடு உன் அத்தை. வண்டி லேட்டா என்று முதன்முதலில் கேட்ட அந்தப் பெண்தான் படியருகே வந்தாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே. பழகிப்போச்சு. ஒரு ஸ்டாப் நடந்து வந்து ஏறிக்கிறோம். நீங்க முன்னாடி போங்க."

நான் முன்னாடி போகவில்லை. அவர்கள் போனார்கள். காலி வண்டியை முதல் கியரில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன். பனிக்குள் அவர்கள் இரண்டிரண்டு பேராக, நடுவில் வழி விட்டு. விளக்கைத் தணித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். உன் அத்தையின் இருமல் கேட்கிறதா என்று பார்த்தேன். பேச்சுச் சத்தம்தான் கேட்டது. அவள் யாரையோ கேலி செய்துகொண்டிருந்தாள்.

தையல் ஆலை ஸ்டாப்பில் எல்லோரும் ஏறினார்கள். உன் அத்தை எனக்குப் பின் ஸீட்டில் உட்கார்ந்தாள். மேம்பாலத்தில் ஏறும்போது கண்ணாடியைப் பார்த்தேன். தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. வளைவில் பூப்போலத் திருப்பினேன்.

உன் தலைமை அதிகாரியிடம் ஒன்று சொல். இதை நான் மார்ச் மாதமே எழுதிவிட்டேன். பொய் சொல்லவில்லை, கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

வண்டிக்கு நேரமாகிறது. பென்சிலை அவளிடம் கொடுக்கிறேன்.

உன் மாமா

(அடியில், பென்சிலில்) படித்தேன். கழிக்க ஒன்றுமில்லை. அத்தை.